முதற்பதிப்பு மாஸ்டர்

கண்டி – மகியங்கனை வீதியில், பல்லேகலவில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். கக்கத்தில் தோல்பை, சட்டைப் பையில் மூன்று பேனை, முகத்தில் நெடுந்தூரம் போய்வந்த களை. இப்படி ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் உடனே திருப்பிச் சிரித்துவிட வேண்டாம். பஸ் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால், கண்டிக்குப் போகுமுன் நீங்கள் புத்தகயாவுக்குப் போய்வந்தாக வேண்டும்.

ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். எங்களூர்க்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாருக்கும் மாஸ்டர். பல்லேகலவை உலகறியச் செய்தது 2009இல் திறந்த கிரிக்கெட் மைதானம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாஸ்டர் அதைத் தற்காலிக ஏற்பாடாகவே கருதுகிறார். அவருடைய பயண நூல் வெளிவரும்வரை யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?

பயணம் வாய்த்தது தற்செயலாக. அயலிலுள்ள சிங்களக் குடும்பங்கள் சேர்ந்து 'தம்பதிவ' யாத்திரை புறப்பட்டன: புத்தகயா, சாரநாத், குசிநகர், லும்பினி. ஒருவர் கடைசி நேரத்தில் நோயில் படுக்க, ஓர் இடம் காலியானது. இந்தியாவுக்குப் போகும்போது தமிழ் தெரிந்த ஓர் ஆள் கூட இருப்பது நல்லது என்று மாஸ்டரை ஏற்றிக்கொண்டார்கள். பீகாரில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அங்கே சிங்களம் எவ்வளவு செல்லுமோ தமிழும் அவ்வளவுதான் செல்லும் என்று. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. சாரநாத்திலிருந்து காசி பக்கம்தான். கங்கையிலும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பி வந்தவர் மாஸ்டர் அல்லர், எழுத்தாளர்.

மூன்று சீ.ஆர். கொப்பிகள் நிரம்பின. முதல் அத்தியாயத்தில் கடவுச்சீட்டு எடுத்தார். இரண்டாவதில் பெட்டி அடுக்கினார். மூன்றாவதில் பயணப் பொதியின் எடை கூடிவிட்டது. நான்காவது முடியும்போதும் விமானம் கட்டுநாயக்கவை விட்டுக் கிளம்பவில்லை. நல்ல எழுத்தாளன் அவசரப்படமாட்டான் என்பது அவர் கொள்கை.

பிறகு பதிப்பகம் தேடினார். பெயர் தெரியாத எழுத்தாளரைப் பதிப்பகங்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஒரு கணக்குச் சீட்டைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகின்றன. காசு எப்படியும் தன்னுடையது என்றால் பெயரும் தன்னுடையதாக இருக்கட்டுமே என்று, பேத்தியின் பெயரில் மாஸ்டரே ஒரு பதிப்பகம் தொடங்கிவிட்டார். அலுவலகம், வீட்டு விறாந்தை. இப்படித் தோன்றும் பதிப்பகங்களுக்கு ஆயுள் ஒரு புத்தகம்.

உதவிக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நூல் வெளியீட்டு உதவித் திட்டம் இருக்கிறது. கொழும்பில் ஹாசிம் உமரின் புரவலர் புத்தகப் பூங்கா, இதுவரை ஒரு நூலும் வெளியிடாதவர்களின் முதல் நூலைத் தன் செலவில் அச்சிட்டுக் கொடுத்துப் பெயர் பெற்றது. முன்மாதிரிகளும் உண்டு. கண்டி மாவட்டத்துக் கல்ஹின்னைக் கிராமத்து எஸ்.எம். ஹனிபா 'தமிழ் மன்றம்' நடத்தி எத்தனையோ நூல்களைக் கொண்டுவந்தார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைக் கையில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத் தெருக்களில் தாமே விற்றுத் திரிந்தார். இதெல்லாம் மாஸ்டருக்கு மனப்பாடம். கூட்டங்களில் கண்கலங்கச் சொல்வார். ஆனால் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்கவில்லை. உதவி செய்கிறவர்கள் கையெழுத்துப் பிரதியை முதலில் வாசித்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு நிபந்தனைதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

அச்சகத்துக்குப் போனார். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. அதற்குப் பின் அச்சகத்து முதலாளிகள் விலை சொல்லுமுன் ஆளை உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"எவ்வளவுங்க கேக்கிறாங்க?"

"முந்நூறு பிரதி அடிக்கலாம்னு..."

"பிரதியக் கேக்கல. காசக் கேட்டேன்."

"ஒன்னோட வளையல் ரெண்டு சும்மாதானே கெடக்குது..."

"சும்மா கெடக்கட்டுமே. நீங்களுந்தான் இவ்வளவு நாளாச் சும்மா இருந்தீங்க. வீடு நல்லாத்தானே இருந்திச்சு?"

வளையல் அடகுக்குப் போனது. சீட்டுக் காசு அதோடு சேர்ந்தது. கனடாவிலுள்ள மைத்துனர் டொலர் அனுப்பினார். சமர்ப்பணப் பக்கத்தில் தன் தகப்பனாரின் படம் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு நகைக்கடையும் ஒரு வன்பொருள் கடையும் ஒரு பல் வைத்தியரும் கடைசிப் பக்கங்களை வாங்கிக்கொண்டார்கள். போதிமரத்தடியில் மாஸ்டர் கண்மூடி அமர்ந்திருக்கும் படத்தைத் திருப்பினால், சலுகை விலையில் தண்ணீர்த் தாங்கி.

மாஸ்டருக்கு ஒரு முன்னோடி உண்டு: ரொபர்ட் நொக்ஸ். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ஆங்கிலேயர். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடி, ஊர் திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். 1681இல் லண்டனில் அவர் நூல் வந்தது. அதுவரை நொக்ஸை எழுத்தாளர் என்று யாருக்கும் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பனி பின்னால் நின்றது. விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் முன்னுரை கொடுத்தார். சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் படித்துப் பார்த்துப் பரிந்துரை எழுதினார். இந்த வரலாற்றிலிருந்து மாஸ்டர் கற்றது அந்த இருபது ஆண்டை அல்ல, அந்த முன்னுரையை.

"நொக்ஸுக்கே ரெண்டு பேர் எழுத வேண்டியிருந்துச்சு. நான் எம்மாத்திரம்?" என்று தன்னடக்கத்தோடு ஒன்பது பேரைப் பிடித்தார். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகைச் சுற்றினார். மாஸ்டர் அணிந்துரைகளைத் தேடிக் கண்டியைச் சுற்றினார். குருக்களின் ஆசியுரை, விகாரைத் தேரரின் ஆசிச்செய்தி, மாகாண சபையில் இருந்தவரின் வாழ்த்து, வங்கி முகாமையாளரின் மனமுவந்த பாராட்டு. பேராசிரியர் ஒருவர் பயண இலக்கியத்தின் வரலாற்றை ஆறு பக்கத்தில் எழுதி, கடைசி வரியில், இந்நூலாசிரியரும் பயணம் செய்திருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தினார். மாஸ்டருடைய முதல் வாக்கியம் முப்பத்தோராம் பக்கத்தில் தொடங்குகிறது.

சர்வதேசத் தராதர நூல் இலக்கம் கிடைத்த நாளில் வீட்டில் பாயசம். 978, 624 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கங்களையும் மூச்சுவிடாமல் சொல்வார். அடையாள அட்டை இலக்கத்துக்கு மட்டும் பணப்பையைத் திறந்து பார்க்க வேண்டும்.

வெளியீட்டு விழாவுக்குத் திகதி வைப்பது கல்யாணத்துக்கு வைப்பதிலும் கடினம். பெரஹரா நாளாக இருக்கக்கூடாது. மைதானத்தில் போட்டி இருந்தால் வீதியில் வாகனம் நகராது. முகூர்த்த நாளில் ஆள் வராது. ஒருவழியாகக் கண்டி நகரில் ஒரு மண்டபம் கிடைத்தது. மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஐந்து, வெளியீட்டுரை, நயவுரை, ஆய்வுரை. ஆய்வாளர் பொருளடக்கத்தை ஆழமாக ஆராய்ந்தார். நயவுரைக்காரர் அட்டைப்படத்தின் தாஜ்மகாலை வியந்தார். மாஸ்டர் ஆக்ராவுக்குப் போகவே இல்லை. அட்டை வடிவமைத்த பையனுக்கு இந்தியா என்றால் அது ஒன்றுதான் தெரியும்.

முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள் என்று ஒலிவாங்கியில் பெயர் அழைக்கத் தொடங்கியதும்தான் விழா வேலைக்கு வந்தது. பெயர் சொல்லிவிட்டால் தப்ப வழியில்லை. எழுந்து போய், கடித உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, கமராவைப் பார்த்து நிற்க வேண்டும். புத்தகத்தின் விலை அறுநூறு ரூபா. உறைக்குள் ஆயிரம், இரண்டாயிரம், சிலவற்றில் ஐயாயிரம். அறுநூற்றை எண்ணி வைத்தவர் மாஸ்டரின் சொந்தத் தம்பி மட்டுமே. கதவருகே மருமகன் ஒரு கொப்பியில் கணக்கு எழுதினான். நாளை அவர்கள் வீட்டில் ஒருவர் புத்தகம் போட்டால் திருப்பிச் செய்ய வேண்டுமே. மாஸ்டர் ஏற்புரைக்கு எழுந்தபோது பட்டிஸும் பிளேன்டீயும் வந்துவிட்டன. திகன பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைச் சொல்லி நழுவினார்கள்.

இரவு கூட்டிப் பார்த்தார்கள். அச்சுக் கடன் தீர்ந்தது. வளையலும் அந்த வாரமே திரும்பியது. கடைக்குப் போட்டிருந்தால் முப்பது, நாற்பது வீதம் கழிவு போக, மிச்சக் காசுக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும். அறிமுகமற்றவரின் புத்தகத்துக்கு நம் நாட்டில் சந்தை அந்த மண்டபம்தான்; அதுவும் அந்த ஒரு மாலைதான். இதைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் வாசகரை நம்பி மட்டும் இறங்கியிருந்தால் மாஸ்டரின் கட்டிலுக்கு அடியில் இப்போதுள்ள நூற்று முப்பது பிரதிகள் அல்ல, முந்நூறும் இருந்திருக்கும்.

எனக்கும் ஒரு சிறப்புப் பிரதி கிடைத்தது. ஒரு மழை நாளில், மின்சாரம் இல்லாத நேரத்தில், வேறு வழியில்லாமல் வாசித்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். பலாமரம் யாருடையது என்று வேலிச் சண்டை பிடித்து, பல ஆண்டாகப் பேச்சற்றுப்போன பக்கத்து வீட்டு அம்மா, குசிநகரில் மாஸ்டர் காய்ச்சலில் கிடந்தபோது, ஊரிலிருந்து கொண்டுபோன அரிசியில் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார். இருவரும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டே பக்கம், ஓர் அலங்காரச் சொல் கிடையாது. இதற்காகவே அச்சிட்டிருக்கலாம் என்று தோன்றியது. ஒன்பது அணிந்துரையிலும் பத்துப் பேச்சிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவரும் அதுவரை போய்ச் சேரவில்லை.

ஆகவே, உறை கொடுத்துப் புத்தகம் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசு கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று அலமாரியில் அடுக்கிவிடாதீர்கள். முப்பது பக்கத்தைத் தள்ளிவிட்டு வாசியுங்கள். நன்றாக இருந்த இடத்தையும் இழுத்த இடத்தையும் மாஸ்டரிடம் நேரே சொல்லுங்கள். அடுத்து மலேசியா போகப் போகிறாராம். முதல் நூலைச் சொந்தபந்தம் கரைசேர்த்துவிட்டது. இரண்டாம் நூல் உருப்பட வேண்டுமானால் வாசித்தவர் நாலு பேராவது வேண்டும்.