பழுதுபார்ப்புக் கணக்கு

பென்னாகரம், பாலக்கோடு காட்டோரச் சிற்றூர்களில் உரிமமின்றிப் பதுங்கியிருக்கும் நாட்டுத் துப்பாக்கி, அதாவது குழல்வாய் வழியே கருமருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் கருவி, காட்டுப்பன்றியைவிட உடையவரையே அதிகம் அச்சுறுத்தத் தொடங்கும்போது, சீர்செய்வதா, நல்லதாக வாங்குவதா என்னும் பொருளியல் வினா எழுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபின், உரிமமின்றி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டுச் சிறை. பழுதுபார்ப்பதோ தயாரிப்புக்கு நிகராக எண்ணப்படுவதால் குறைந்தது 7 ஆண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். நல்லதை நாடுவோர்க்குக் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ என்னும் கைத்துப்பாக்கி உண்டு. அதன் அறிமுக விலையே லட்சத்தைத் தாண்டியது, உரிமம் தனி. இரண்டையும்விட மலிவான வழி, வனத்துறையும் காவல்துறையும் கேட்கும்போதே ஒப்படைத்துவிடுவதுதான்.