முகூர்த்தமும் மூன்று காலமும்

நித்திய அனுஷ்டானம் ஒன்றை மேற்கொள்ளத் துணியும் மனிதன், பத்து நிமிஷக் காரியம்தான் பத்து வருஷம் நிலைக்கும் என்று யோசிக்கமாட்டான். எடுத்த எடுப்பிலேயே பெரிய கணக்கைத் தேடிப் போவான். கந்த சஷ்டி கவசத்தை நாளொன்றுக்கு 36 உரு ஓதவேண்டும் என்பது தேவராய சுவாமிகள் அந்த நூலுக்குள்ளேயே வைத்திருக்கும் விதி. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய வேகத்தில் உருவுக்கு இருபது நிமிஷம் என்று கொண்டால் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. மிச்சப் பன்னிரண்டில் குளித்து, உண்டு, உறங்கி, பினாங்கு வீதியில் வியாபாரமும் பார்க்கவேண்டிய ஆசாமி நான். ஆகவே விபூதி, விளக்கு, ஒரே ஒரு உரு, அப்புறம் சரளி வரிசை என்று முருகனிடம் விண்ணப்பித்துக்கொண்டேன். பாக்கி முப்பத்தைந்தைப் பற்றி அவர் இதுவரை வாய் திறக்கவில்லை.

பிரம்ம முகூர்த்தத்துக்கு எழவேண்டும் என்ற சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டு என் தமிழ்நாட்டு உறவினர்கள் நாலரை மணி இருட்டில் தடவிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அரசாங்கமே சலுகை வழங்கியிருக்கிறது. சூரியோதயத்துக்கு 96 நிமிஷம் முன்னால் தொடங்கி 48 நிமிஷம் நீடிப்பது அந்த முகூர்த்தம். சூரிய பகவானோ பினாங்கில் ஏழேகாலை ஒட்டித்தான் எழுந்திருக்கிறார். 1982 ஜனவரி முதல் தேதி, தீபகற்பத்துக் கடிகாரங்களை சபா, சரவாக் கடிகாரங்களோடு ஒன்றுசேர்க்க அரைமணி முன்னே தள்ளிவைத்த மகானுபாவர்கள், சோம்பேறிகளின் பிரம்ம முகூர்த்தத்தையும் அரைமணி தாமதப்படுத்திய புண்ணியத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஆறு மணிவாக்கில், 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் சுபுஹ் பாங்கு என்னை எழுப்பிவிடும். அலாரமாக இருந்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் புரண்டு படுக்கலாம். பாங்குக்கு அப்படிப்பட்ட பித்தான் கிடையாது.

சாதகத்தின் சங்கதி வேறு. மாயாமாளவகௌளையில் ஆரம்பப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது சம்பிரதாயம். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் பொதுச்சுவரை உத்தேசித்து அவர் வகுத்திருக்க நியாயமில்லை. சட்ஜத்துக்கும் அதை உரசிக்கொண்டு நிற்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவே என் குரல் படிக்கட்டில் கால் தவறியவன்போலத் தடுமாறுவது, அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியின் அடுப்படிக்கு ஸ்பஷ்டமாகக் கேட்கும். ஆட்சேபம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

தொண்டைக்கட்டு என்று ஒரு நாள் சாதகத்தை விட்டதும்தான் வந்தது. கடைவீட்டு முகப்பு நடைபாதையான அஞ்சடியில் என்னை மறித்துக்கொண்டு பாட்டி மலாயில் பொரிந்து தள்ளியதன் சாராம்சம்: நான் முதல் காலம் தொடங்கும்போது அவள் கஞ்சிக்கு அரிசி ஏற்றுகிறாள், இரண்டாம் காலத்தில் கிண்டுகிறாள், அட்சரத்துக்கு நாலு ஸ்வரமாக நான் மூன்றாம் காலத்தில் மூச்சிரைத்து முடிக்கும்போது அடுப்பை அணைக்கிறாள். அன்று அணைக்கச் சொல்ல ஆளில்லாமல் பானை அடிப்பிடித்துவிட்டதாம்.

பாட்டு வாத்தியார் அலங்காரத்துக்குப் போகலாம் என்கிறார். பாட்டியைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றிருக்கிறேன்.