பிசினஸ் நம்பரில் அம்மா

பெற்ற தாயை நான் ஒருமுறை 'சார்' என்று கூப்பிட்டிருக்கிறேன்.

முகூர்த்தக் காலம். விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டில் நின்று காய் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தக்காளிக் கூடை, இன்னொரு கையில் சீட்டு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யார் என்று பார்க்காமலே, "வணக்கம் சார், சொல்லுங்க சார், எத்தனை இலை?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒரு இலைதான்டா. நாளைக்கு அமாவாசை. அப்பாவுக்குப் படைக்கணும். வர்றியா, மாட்டியா?"

லால்குடிப் பக்கத்தில் கிராமத்திலிருந்து அம்மா. பேசியது என் தொழில் நம்பருக்கு.

நான் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவன். திருச்சி உறையூரில் வீடு. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். என்னிடம் இருப்பது ஒரு போன், அதில் இரண்டு நம்பர். ஒன்று வீட்டுக்கு, ஒன்று தொழிலுக்கு. இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த செல்போன் கடைத் தம்பி, "அண்ணே, இனிமே உங்க வீடு வேற, பிசினஸ் வேற" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர்தான். 2004-ல் வாங்கியது. அதற்கு முந்தைய வருஷம்தான் இன்கமிங் இலவசமாகியிருந்தது. அதுவரை, வருகிற போனை எடுத்தாலும் காசு. பெண் வீட்டுக்காரர்கள் மெனு பேசுகிற நீளத்துக்கு அந்தக் காலத்திலேயே போன் வாங்கியிருந்தால், அண்டாவை அடகு வைத்திருப்பேன். போன், நோக்கியா 1100. தலையில் டார்ச் லைட் வைத்தது. மண்டபத்தில் கரண்ட் போனால் பருப்பு மலர்ந்துவிட்டதா என்று பார்ப்பது அந்த வெளிச்சத்தில்தான். பேசியதைவிட அது சாம்பாரைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த நம்பரை விசிட்டிங் கார்டில் போட்டேன். வேன் முதுகில் எழுதினேன். தினசரி காலண்டர் அட்டையில் அடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். மண்டபத்தில் பாத்திரம் மாறிப்போகிறதே என்று, பேர் வெட்டுகிறவரை வீட்டுக்கே வரவழைத்து, நாற்பத்திரண்டு அண்டாவிலும் பேரோடு சேர்த்து நம்பரையும் வெட்டச் சொன்னேன். மனிதர் ரெண்டு நாள் உட்கார்ந்து வெட்டினார். கல்வெட்டு அழிந்தாலும் அழியும், அது அழியாது.

ஆகவே ஊரில் யார் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். நானும் எடுப்பேன். மாமனார் இறந்த அன்று, பிணத்தைக் குளிப்பாட்டித் தூக்குகிற நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார். ரிசப்ஷனுக்கு ஜாங்கிரி போடுவதா, மைசூர்பாகு போடுவதா என்று அவருக்கும் சம்பந்திக்கும் தகராறு. பழக்க தோஷம். "ரெண்டுமே போட்டுடலாம் சார், சந்தோஷமான விசேஷம்" என்று நான் சொன்னது பங்காளிகள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கொள்ளிச்சட்டியோடு நின்ற மச்சான் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மனசில் இருக்கிறது. மனைவி பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் பேசியபோது சொன்னது ஒன்றே ஒன்று: "இன்னொரு நம்பர் வாங்குங்க."

வாங்குவது சுலபம். ஒரு ஆள் பேரில் ஒன்பது சிம் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று சர்க்காரே சொல்கிறது. ஆதார் கொடுத்து, கைரேகை வைத்து, அரைமணி நேரத்தில் கையில் சிம். பிரச்சினை அதற்குப் பிறகுதான். எது வீடு, எது தொழில்?

புதிய நம்பரைத் தொழிலுக்கு வைத்தால், நாற்பத்திரண்டு அண்டாவை என்ன செய்வது? சரி, பழையதைத் தொழிலுக்கே விட்டுவிட்டுப் புதியதை வீட்டுக்கு வைக்கலாம் என்றால், பழையதில்தான் ஆதார் இருக்கிறது, பேங்க் இருக்கிறது, கேஸ் புக்கிங், மகள் பள்ளிக்கூடம், எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் மாற்ற நடப்பதைவிட, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை மாற்றிவிடலாம். கடைசியில் பழையது வீட்டுக்கு, புதியது தொழிலுக்கு என்று முடிவு செய்தேன். அண்டாக்களிடம் சொல்லவில்லை.

சிம்மைப் போட ஊசியால் குத்தித் தட்டை வெளியே இழுத்தால், இரண்டாவது குழியில் ஏற்கெனவே மெமரி கார்டு குடியிருந்தது. என் போன் ஹைபிரிட்டாம். அதாவது ஒரே அறை, வாடகைக்கு ரெண்டு பேர் கேட்கிறார்கள். இவர் இருந்தால் அவர் இருக்க முடியாது. கார்டில் பதினொரு வருஷத்துப் பந்திப் படங்கள். இலையில் எந்த ஐட்டம் எங்கே என்று காட்டித்தான் நான் ஆர்டர் பிடிப்பேன். அதைக் கழற்றி, மனைவியின் மஞ்சள் குங்குமச் சிமிழில் பத்திரமாக வைத்தேன். கடுகு போல இருந்த அது இன்றுவரை கிடைக்கவில்லை.

புதிய சிம் உட்கார்ந்ததும் போன் ஒரு கேள்வி கேட்டது. எந்த நம்பரிலிருந்து பேசுவது? எப்போதும் சிம் ஒன்றா, எப்போதும் சிம் இரண்டா, ஒவ்வொரு முறையும் கேட்கட்டுமா? நான் ஜாக்கிரதையான ஆள். ஒவ்வொரு முறையும் கேள் என்று அழுத்திவிட்டேன். அன்றிலிருந்து நாளைக்கு அறுபது தடவை, யாரைக் கூப்பிட்டாலும், இப்போது நீ யார் என்று அது கேட்கிறது. ரமணர் திருவண்ணாமலையில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுப் பார்க்கச் சொன்ன கேள்வி. பால்காரர் நாற்பது லிட்டர் குறைத்துக் கொண்டுவந்திருக்கும் அவசரத்தில் அதற்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. போன் பெட்டியில் 'டூயல் ஸ்டாண்ட்பை' என்று போட்டிருந்தது. கம்பீரமான வார்த்தை என்று நினைத்திருந்தேன். அர்த்தம் பிறகுதான் தெரிந்தது: ரெண்டு நம்பரும் சும்மா காத்திருக்கும்போது மட்டும்தான் ரெண்டு. ஒன்றில் பேச ஆரம்பித்தால் மற்றது அடங்கிவிடும், ஏனென்றால் உள்ளே பேசுகிற கருவி ஒன்றுதான். ஒரே அடுப்பு, ரெண்டு அண்டா. எதை ஏற்றினாலும் இன்னொன்று தரையில். விலை கூடிய போன்களில் ரெண்டும் சேர்ந்து கொதிக்குமாம். என் போன் அந்த விலை இல்லை.

இது எனக்குப் புரிந்த விதம் விலை உயர்ந்தது. அம்மா வீட்டு நம்பரில் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு ஆடு நம் வீட்டு முருங்கைக் கன்றைக் கடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம். ஆடு தரப்பு வாதத்தையும் அம்மாவே சொன்னது. அந்த நாற்பது நிமிஷமும் தில்லைநகரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா தொழில் நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்மணி ஆறு தடவை சொல்லியிருக்கிறாள். எண்ணூறு இலை. வேறு ஆளுக்குப் போய்விட்டது. விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது, "எண்ணூறா!" என்று ஒரு நிமிஷம் வருத்தப்பட்டுவிட்டு, "அந்த ஆட்டைக் கட்டிப் போடச் சொல்லணும்டா" என்றது.

ரீசார்ஜ் கதையைச் சொல்லவே வேண்டாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. போன் கம்பெனிகளின் மாசத்துக்கு 28 நாள், எனவே வருஷத்துக்குப் பதின்மூன்று மாசம். சிம் இரண்டென்றால் இருபத்தாறு. 2022-ல் டிராய் தலையிட்டு 30 நாள் திட்டமும் வைக்கச் சொன்னது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் 28 நாள் முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் காசே போடாமல் இன்கமிங்குக்கு மட்டும் ஒரு சிம்மை வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். 2018 கடைசியில் அதற்கும் மாதாமாதம் படியளக்கச் சொல்லிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பிலும் ரெண்டு கடை திறந்தேன். 2023-லிருந்து ஒரே வாட்ஸ்அப்பில் ரெண்டு நம்பர் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், கடைத் தம்பி எனக்கு 2018-ல் வந்த பிசினஸ் வாட்ஸ்அப்பைத் தனியாக ஏற்றிக்கொடுத்தான். அதில் ஒரு வசதி: யாராவது முதல் தடவை எழுதினால், நாம் கை வைக்காமலே அதுவாக வணக்கம் சொல்லும். "வணக்கம். எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. உங்கள் விசேஷத் தேதியையும் இலைகளின் எண்ணிக்கையையும் தெரிவிக்கவும்" என்று எழுதி வைத்தேன். முதலில் மாட்டியது மனைவி. அவள் அனுப்பியது, "வரும்போது தோசை மாவு வாங்கிட்டு வாங்க." பதில் அடுத்த வினாடியே போய்விட்டது. அவளிடமிருந்து வந்தது: "தேதியெல்லாம் 2006-லயே முடிஞ்சுபோச்சு. ரெண்டு இலை. மாவு ஒரு கிலோ."

14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதினாலும் அந்த வணக்கம் போகும். எங்கள் வீட்டில் சண்டை பத்து நாளைத் தாண்டியதில்லை. கடவுள் புண்ணியம்.

பாக்கி கேட்டு ஒரு கஸ்டமருக்கு எழுதியதை, அதே பேருள்ள மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். "அண்ணே, ரொம்ப நாளாச்சு, மீதித் தொகையைக் கொஞ்சம் பார்த்து அனுப்புங்க." மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. ஜிபேயில் ஐயாயிரம் போட்டுவிட்டு, "மீதி தை மாசம்" என்று எழுதினார். எந்தக் கணக்கில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்கவில்லை. இரண்டு நம்பரால் நான் அடைந்த மொத்த லாபம் அதுதான்.

நஷ்டம், ஸ்டேட்டஸில் வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ராத்திரி கொத்துபுரோட்டா சாப்பிட்டதைப் படமெடுத்து நண்பர்களுக்காகப் போட்டேன். போட்டது தொழில் நம்பரில். மறுநாள் கல்யாணம் வைத்திருந்த பார்ட்டி காலையில் கூப்பிட்டார். "ஏங்க, உங்க சமையலை நீங்களே சாப்பிட மாட்டீங்களா?"

இப்படியே ஓடி ஆடி மாசம் வந்தது. ஆடியில் யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது. தொழில் நம்பர் தூங்க வேண்டிய மாசம். ஆனால் ஓயாமல் அடித்தது. ஒரு மத்தியானம் வேலையில்லாமல் உட்கார்ந்து, யார் யார் கூப்பிட்டார்கள் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தொழில் நம்பரில் அந்த வாரம் அம்மா பதினொரு தடவை, மனைவி ஒன்பது, மகள் ஏழு, சித்தப்பா நாலு, ஆட்டுக்காரர் ஒன்று. வீட்டு நம்பரைப் பார்த்தால், பாத்திர வாடகை பாக்கி, இலைக்கட்டு வியாபாரி, சரக்கு மாஸ்டர், ஆவணி முகூர்த்தத்துக்கு மூன்று பார்ட்டி. அவர்களைக் கேட்டால், "அந்த நம்பர் எப்பவும் பிஸியாவே இருக்குண்ணே, அண்டாவுல இருந்த நம்பருக்குப் போட்டோம்" என்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. செட்டிங்ஸில் போய் சிம் இரண்டை அணைத்தேன். ஆகா, என்ன நிம்மதி. ரெண்டு நாள் குழந்தை மாதிரி தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் அம்மா. லால்குடி பஸ் பிடித்து வந்திருக்கிறது. கையில் தூக்குப்போணி, அதில் கூழ். முகம் வெளிறியிருந்தது. "உசுரோடதான் இருக்கியா?"

"அம்மா, இந்த நம்பர் வியாபாரத்துக்கும்மா. வீட்டு நம்பருக்குப் போட வேண்டியதுதானே?"

"அதுல எத்தனை தடவை அடிச்சாலும் எடுக்க மாட்டே. எடுத்தாலும் 'ம்'ங்குறே, 'வச்சிடு'ங்குறே. இதுல ரெண்டாவது மணிக்கு எடுக்குறே. 'வணக்கம், சொல்லுங்க'ன்னு மரியாதையாக் கேக்குறே."

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அங்கேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மகள் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். நான் கூழைக் குடித்தேன்.

சாயங்காலம் ஆடித் தள்ளுபடியில் பாத்திரம் எடுக்கப் போனபோது அம்மாவும் கூட வந்தது. ரெண்டு புது அண்டா எடுத்தேன். கடையில் பேர் வெட்டுகிற தம்பி மெஷினைப் போட்டு, என் பேரை வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான். "எந்த நம்பர்ண்ணே போடணும்?"

சிம் ஒன்று? சிம் இரண்டு? மெஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நாலு பேர் குடத்தோடு நின்றார்கள்.

அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது. ஒரே சிம். கழுத்தில் கயிற்றோடு தொங்கும். குளிக்கும்போதுகூட மாடத்தில் வைத்துவிட்டு ஒரு காதை அதன்மேலேயே வைத்திருக்கும். ஒரு மணி முழுசாக அடித்து நான் கேட்டதில்லை. அந்த நம்பரைச் சொன்னேன். தம்பி வெட்டிக் கொடுத்துவிட்டான்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அந்த அண்டாவும் போயிற்று. ரெண்டு நாள் கழித்து, மத்தியானம், தொழில் நம்பரில் அம்மா.

"சொல்லும்மா."

"யாரோ ஒருத்தர் அண்டாவைப் பார்த்துட்டுப் போன் பண்ணாருடா. துறையூர்க்காரராம். முதல்ல சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், இன்னும் சாப்பிடலையாம். ஐப்பசியில பொண்ணுக்குக் கல்யாணம், ஐநூறு இலை. அந்தப் பொண்ணு நல்லாப் படிச்சிருக்காம்."

"அட்வான்ஸ் எவ்வளவு கேட்டே?"

"அட்வான்ஸா? அவருக்கு ரெண்டு பொண்ணுடா, பாவம். இலைக்கு இருபது ரூபா குறைச்சுக்கச் சொல்லியிருக்கேன்."