ஆறுக்கு ரெண்டுக்கு ரெண்டு

"மாப்ள, வாங்கறதுன்னு ஆயிடுச்சு, உசரமா வாங்கிடுங்க. அதான் கம்பீரம்" என்று சொல்லிவிட்டு என் மனைவியின் சித்தப்பா நேற்று சாயங்காலம் கிளம்பிப் போனார். அவர் வீட்டில் மீன் கிடையாது. குழம்பில்கூடக் கிடையாது, சுத்த சைவம். ஆனாலும் மீன் தொட்டியின் உயரம் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இருக்கும். ஹாலில் ஒரு சுவர் காலியாக இருந்து, அங்கே தொட்டி வைக்கப்போவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும்.

பெரிய தொட்டிக்குச் சரியான அளவு எது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்குமுன் இந்தக் கம்பீரத்தை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

உயரத்தால் மீனுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. உடம்பே உயரமாக வளரும் ஏஞ்சல், டிஸ்கஸ் போன்றவற்றுக்குக் கொஞ்சம் வேண்டும். மற்றவை பெரும்பாலும் நீளவாக்கில் நீந்துகிற ஜாதி. பிராணவாயு தண்ணீரில் கலப்பது மேற்பரப்பு வழியாக. நீளமோ அகலமோ கூட்டினால் மேற்பரப்பு கூடும். உயரத்தைக் கூட்டினால் தண்ணீர் பில்தான் கூடும். கண்ணாடி சமாச்சாரம் இன்னும் மோசம். ஆறடி நீளம், இரண்டடி உயரத் தொட்டியில் முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளுகிற விசை கிட்டத்தட்ட 340 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை மூன்றடியாக்கினால் அது 760 கிலோ. சித்தப்பா கேட்பது கூடுதலாக ஒரே ஒரு அடிதான். அந்த மூன்றடி ஆழத்தில் ஒரு கூழாங்கல் புரண்டு கிடந்தால், ஸ்டூல் போட்டு ஏறி அக்குள் வரை கையை விட்டாலும் எட்டாது. எடுத்துக் கொடுக்க அவர் வரப்போகிறாரா?

சரி, அளவுக்கு வருவோம். அளவு என்றதும் நம் ஆட்கள் கையை விரிக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் தையல் டேப் இருக்கிறது, ஆசாரி மறந்துவிட்டுப்போன ஸ்டீல் டேப் இருக்கிறது, பையனின் ஸ்கேல் இருக்கிறது. "எவ்ளோ பெருசு?" என்று கேட்டால் இரண்டு கை விரிகிறது: "இவ்ளோ." அது நீளமா, அகலமா, உயரமா? நீளத்துக்கே இரண்டு கையும் தீர்ந்துபோய்விடுகிறதே! முருகப்பெருமான் என்றால் சரி, பன்னிரண்டு கை. மூன்று அளவையும் ஒரே நேரத்தில் காட்டிவிட்டு, பக்கத்து வீட்டுத் தொட்டிக்கும் காட்டலாம்.

அந்த 'இவ்ளோ'வாவது ஓர் இடத்தில் நிற்கிறதா? நாலடியில் ஆரம்பிக்கிற கை, "எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல இருக்கே, அது மாதிரி" என்னும்போது ஐந்தடிக்குப் போகிறது. ஒரு கையில் காபி டம்ளர் வந்ததும் பாதித் தொட்டி காணாமல் போகிறது. மதுரையிலிருந்து பேசுகிற மைத்துனர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "இவ்ளோ இருந்தா தாராளம் அத்தான்" என்கிறார். விரித்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரிகிறது. நானும் இங்கே, "அவ்ளோ போதுமா?" என்று விரிக்கிறேன்.

கொளத்தூருக்குப் போனால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். வண்ண மீனுக்கென்றே பேர் வாங்கிய ஏரியா, அங்கே அளவு தெரியாதவன் இருக்க மாட்டான். சீட்டில் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போனேன். கடைப்பையன் சீட்டை வாங்கவில்லை. என் கையைப் பார்த்தான். "காட்டுங்க சார், எவ்ளோ?" மனிதன் இரண்டு கையையும் முழுசாக விரித்தால் ஏறக்குறைய அவனுடைய உயரம்தான் வரும். என் உயரம் ஐந்தே கால் அடி. ஆகவே ஆறடித் தொட்டியை இந்த ஜென்மத்தில் என்னால் காட்ட முடியாது. விரல் நுனி நடுங்குகிற வரை விரித்தேன். "அஞ்சடி" என்று நோட்டில் எழுதிக்கொண்டான். பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர், பாவம், நல்ல மனுஷர், என் விரல் நுனியைத் தொட்டு தன் கையை நீட்டி உதவி செய்தார். "ஒம்போதடியா சார்?"

இந்தக் கூத்தில் எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கீழ்வீட்டுக்காரரைத் தவிர. "உங்க தொட்டி உடைஞ்சா தண்ணி எங்க ஹாலுக்குத்தானே வரும்?" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். ஆறுக்கு ரெண்டுக்கு ரெண்டு தொட்டியில் தண்ணீர் மட்டும் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 எம்எம் கண்ணாடி நூற்றுச் சொச்சம். மணல், கல், இரும்பு ஸ்டாண்டு தனி. இவ்வளவும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான தரையில் நிற்க வேண்டும். குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் போடுகிற கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். அது அறை முழுவதற்குமான பொதுக்கணக்கு. பீம் ஓடுகிற சுவரோரம் நிலைமை வேறு. எதற்கும் இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கீழ்வீட்டுக்காரரிடம் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் அவர் தன் வீட்டு சீலிங்கைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறாராம்.

மனைவிக்கு ஈசானிய மூலை. அங்கே ஷூ ரேக் போக மிச்சம் இரண்டரை அடி. அதில் வாஸ்து மீன் விட வேண்டுமாம். வாஸ்து மீன் என்று கடையில் விரல் நீளத்தில் விற்கிற சில்வர் அரோவானா வளர்ந்தால் மூன்றடியை நெருங்கும். அது திரும்புவதற்குத் தொட்டியின் அகலமே இரண்டரை அடியாவது வேண்டும். சாஸ்திரப்படி ஷூ ரேக்கை எங்கே வைப்பது என்று அவள் இன்னும் சொல்லவில்லை. ஆறடித் தொட்டி எங்கள் லிஃப்டில் நுழையாது என்பதும், படிக்கட்டுத் திருப்பத்தில் நாலு ஆள் அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்பதும் இன்னொரு நாள் கதை.

சரியான அளவு எது என்றுதானே கேட்கிறீர்கள்? முதலில் என்ன மீன் என்று எழுதி அனுப்புங்கள். முழுசாக வளர்ந்தபின் அது எத்தனை அங்குலம் என்பதையும் எண்ணில் எழுதுங்கள். 'பெரிய மீன்' என்று மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பதில் தரப்படமாட்டாது.