மதுவுக்கு ஏழு வண்ணம், மளிகைக்கு ஒரு சனிக்கிழமை

கொரோனா கிருமியின் கையில் கடிகாரம் கட்டிவிட்ட பெருமை நம்முடைய கோட்டைக்கே சேரும். 2020 மார்ச் கடைசியில் மளிகைக் கடைகள் பிற்பகல் 2.30 வரை திறந்திருக்கலாம் என்றார்கள். ஏப்ரல் 5 முதல் அது 1 மணியானது. அடுத்த ஆண்டு இரண்டாம் அலை தலைக்குமேல் போனபோது, மே 15 முதல் காலை 6 மணியிலிருந்து 10 மணி வரைதான். ஆக, முதல் ஆண்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோம்பல் முறித்து எழுந்த கிருமி, இரண்டாம் ஆண்டில் இட்லி சாப்பிட்ட கையோடு வேலைக்குக் கிளம்பிவிட்டது. நாள் முழுக்க வந்து போகிறவர்களை நாலு மணி நேரத்துக்குள் ஒரே வாசலில் திணித்தால் நெரிசல் குறையும் என்று கணக்குப் போட்டவர் யாரோ, அவருக்கு மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைத்தான் தேடவேண்டும்.

நேரம் குறைந்தால் மனுஷன் பதறுவான். இரண்டு கிலோ வாங்க வந்தவன் பத்து கிலோ எடுப்பான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் கண்ணில் காலி அலமாரி படும். அதைப் படம் பிடித்து, 'ரவை தீர்ந்துபோச்சு' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். அரை மணி நேரத்தில் மதுரையில் இருக்கிற சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஆஸ்திரேலியாவில் டாய்லெட் பேப்பருக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று அந்த மார்ச் முதல் வாரத்தில் விழுந்து விழுந்து சிரித்தவரும் அதே சித்தப்பாதான்.

இத்தனைக்கும் நாட்டில் பஞ்சம் எதுவும் இல்லை. அந்த மார்ச்சில் மத்தியத் தொகுப்புக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேல் அரிசியும் கோதுமையும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தன. அவசரத்துக்குக் கையிருப்பில் இருக்கவேண்டும் என்று அரசே வகுத்துவைத்த அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நெல் விளைந்திருந்தது, லாரி இருந்தது, ஓட்டுநர் இருந்தார். இல்லாதது ஒன்றுதான்: நாளைக்குக் கடை இருக்கும் என்று நம்பும்படி யாராவது சொல்லியிருக்க வேண்டும். மார்ச் 24 இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், நள்ளிரவு முதல் 21 நாள் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது என்றார். 130 கோடிப் பேருக்கு நாலு மணி நேர அவகாசம். அத்தியாவசியப் பொருட்களுக்கு ஏற்பாடு உண்டு என்பது போகிற போக்கில் வந்து போனது. எந்தக் கடை, எத்தனை மணிக்கு என்பது வரவேயில்லை. நாடு முழுக்க ஜனம் தெருவில் இறங்கிய பிறகுதான், பதற வேண்டாம் என்று ட்விட்டரில் ஆறுதல் வந்தது. அரிசிக் கடை வாசலில் நிற்கிறவன் ட்விட்டரைப் பார்த்துவிட்டா வீட்டுக்குத் திரும்புவான்?

சரி, அது டெல்லி. நம்மவர்கள் ஒரு மாதம் பொறுத்திருந்து இதே வித்தையைச் செய்துகாட்டினார்கள்.

ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரையும், சேலத்திலும் திருப்பூரிலும் 28 வரையும் முழு ஊரடங்கு என்று எடப்பாடி பழனிசாமி அரசு அறிவித்தது. மளிகைக் கடையும் கிடையாது. இடையில் மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை, அதுவும் 1 மணி வரை. கூட்டத்தைக் கண்டு மிரண்டுபோய் அன்றைக்கு மட்டும் 3 மணி வரை நீட்டினார்கள். இடைவெளி விடுங்கள், இடைவெளி விடுங்கள் என்று ஒரு மாதமாகத் தொண்டை வறளக் கத்திய அரசு, ஐந்து மாநகரங்களின் மக்களை ஒரே காலையில் கடைவாசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது.

அன்றைக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பில் போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு ஒரு பொருளாதாரப் பாடமே கிடைத்திருக்கும். வாசலில் காவலாளி, வருகிறவர் நெற்றியில் துப்பாக்கி போன்ற ஒன்றை நீட்டிவிட்டுக் கையில் சானிடைசர் தெளிக்கிறார். உள்ளே ஒருவர் இரண்டு டிராலி தள்ளுகிறார். அடித்தட்டில் 25 கிலோ சிப்பம் இரண்டு, அதன்மேல் எண்ணெய், ரவை, சேமியா, மைதா, நூடுல்ஸ். தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசி. "துவரம்பருப்பு அஞ்சு கிலோ எடுத்துட்டேன். உளுந்து எவ்ளோடி? சரி, இருக்கறதையெல்லாம் போட்டுக்கறேன்." ஊரடங்கு நாலு நாளைக்கு. அவர் வாங்கியதோ மூன்று மாதத்துக்கு.

அவருக்குப் பின்னால் ஒரு அம்மா. கையில் கால் கிலோ பருப்பும் அரை லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டும். "இது ரெண்டுதான் பாப்பா, சட்டுனு போட்டுக் குடுத்துரு" என்கிறார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு மூச்சு வாங்குகிற பில் போடும் பெண், "கொஞ்சம் பொறுங்கக்கா, சார் பில்லு முடியட்டும்" என்கிறாள். சார் பில் முடிய மாட்டேன் என்கிறது. சாருக்குத் தள்ளுபடிக் கூப்பன் வேறு இருக்கிறது.

பீதியடையவும் கையில் காசு வேண்டும். ஒரு மாதமாகக் கொத்து வேலை இல்லாதவன், ஆட்டோவை ஓரங்கட்டியவன், அப்பார்ட்மென்ட் சங்கத்தின் தீர்மானப்படி 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்ட வீட்டு வேலைக்காரம்மா, இவர்கள் எதைப் பதுக்குவார்கள்? பதுக்க முதலில் பணம் வேண்டும், பிறகு ஃபிரிட்ஜ் வேண்டும், அதற்குப் பிறகு மூட்டையை ஏற்றி வரக் கார் வேண்டும். அன்றாடம் வாங்கி அன்றாடம் உலை வைக்கிற வீட்டுக்கு, ஒரு நாள் கடையடைப்பு என்றால் ஒரு வேளை பட்டினி. அந்த வீடுகளை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்துப் போட்ட உத்தரவாக அது தெரியவில்லை. அம்மா உணவகம் திறந்திருக்கும் என்று ஒரு வரி சேர்த்ததோடு மனசாட்சி தூங்கப் போய்விட்டது.

அதே சனிக்கிழமை கோயம்பேட்டில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 295 ஏக்கர் சந்தை. எல்லா மாவட்டத்து லாரியும் வந்து நிற்கிற இடம். அங்கே அவ்வளவு ஜனத்தையும் விட்டுவிட்டு, பத்தே நாளில், மே 5ஆம் தேதி, தொற்றுக் கூடாரமாகிவிட்டது என்று சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் வேறு வழியில்லாமல் லாரி ஏறி ஊருக்குப் போனார்கள். கடலூரிலும் விழுப்புரத்திலும் அரியலூரிலும் எண்ணிக்கை எகிறியது. உடனே அந்தக் கூலிக்காரர்களுக்குப் பத்திரிகைகள் பெயர் சூட்டின: 'கோயம்பேடு தொற்று'. சந்தையை இடம் மாற்றவேண்டும் என்பது மே மாதம் தெரிந்த அரசுக்கு ஏப்ரல் மாதம் ஏன் தெரியவில்லை என்று எந்தத் தலைப்பும் கேட்கவில்லை. உத்தரவுக்குத் தொற்றுப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

மாலையானால் தொலைக்காட்சி. குளிரூட்டிய அறையில் நாலு பேர். 'மக்களுக்குப் பொறுப்பில்லை', 'சுய ஒழுக்கம் வேண்டாமா', 'நம்ம ஜனங்களைத் திருத்தவே முடியாது சார்'. நாலு பேர் வீட்டிலும் மளிகை வந்து இறங்கியிருந்தது என்பது என் ஊகம்தான். ஆனால் அவ்வளவு நிதானமாகப் பேச நிறைந்த பருப்பு டப்பா ஒன்று பின்னணியில் இருந்தாக வேண்டும். காலையில் பையோடு போனவன் தெருமுனையில் போலீஸ் சொல்லித் தோப்புக்கரணம் போட்டான். அதையும் படமெடுத்து ஒளிபரப்பிச் சிரித்தார்கள். கடை நேரத்துக்காக லத்தி தூக்குவது வேடிக்கை என்று நாம் பழகிக்கொண்ட இரண்டே மாதத்தில், ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லிப் பிடித்துப்போன தந்தையும் மகனும் பிணமாகத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சிரித்த காணொளிகளை யாரும் அழிக்கவும் இல்லை.

அரசுக்குத் திட்டமிடவே தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது அபாண்டம். 2020 மே 7 அன்று டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்களே, அந்த அழகைப் பார்த்திருக்கவேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 வரை. நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு 1 முதல் 3 வரை. நாற்பதுக்குக் கீழே இருக்கிற இளங்காளைகளுக்கு 3 முதல் 5 வரை. மூத்தோரை முன்னிறுத்தும் தமிழ்ப் பண்பாடு அந்த வரிசையில் அப்படியே உயிரோடு நின்றது. விதிகளை மீறிக் கூட்டம் கூடிற்று என்று மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. விட்டார்களா? உச்ச நீதிமன்றம்வரை போய்த் தடை வாங்கி, மே 16 அன்று மறுபடி திறந்தார்கள். இம்முறை கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன். கிழமைக்கு ஒரு வண்ணமாக ஏழு வண்ணங்கள். தடுப்புக் கட்டை, பந்தல், காவலுக்கு ஆள், ஒலிபெருக்கி. ஒரு குவார்ட்டருக்காக அரசு இயந்திரம் முழுவதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியது. ஆண்டுக்கு 30,000 கோடிக்கு மேல் தருகிற வாடிக்கையாளனை வெயிலில் விட முடியுமா?

பருப்பு வாங்க வருகிறவளால் கஜானாவுக்கு என்ன வந்துவிடப் போகிறது? அவளுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த ஏப்ரலிலேயே ரேஷன் கடைகளில் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி பருப்பும், தேதியும் நேரமும் எழுதிய டோக்கன் கொடுத்துத்தான் வழங்கினார்கள். சுண்ணாம்பு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் செருப்பையும் பையையும் வைத்துவிட்டு, 'பொறுப்பில்லாத' அதே ஜனங்கள் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். தன் பங்கு தனக்கு வரும் என்று தெரிந்தால் ஜனம் நிற்கும். சுமார் 2 கோடி அட்டைக்கு இதைச் செய்ய முடிந்தவர்களுக்கு, நாலு நாள் ஊரடங்குக்கு முன்னால் வார்டு வாரியாகக் கடை நேரம் பிரித்துக்கொடுப்பது முடியாத காரியமா? விலை விஷயத்திலும் இதே அலட்சியம்தான். முகக்கவசம் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய் என்று மார்ச்சிலேயே மத்திய அரசு விலை வைத்தது. கடையில் கேட்டபோது, அந்த விலைக்கு 'ஸ்டாக் இல்லை'. அதையெல்லாம் விசாரிக்கவும் ஆள் இல்லை. ஆட்கள் எல்லாம் ஒயின் ஷாப் வரிசையைச் சீர்செய்யப் போயிருந்தார்கள்.

ஒரு வருஷம் போயிற்று. ஆட்சி மாறியது. சனிக்கிழமை மாறவில்லை.

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. மறுநாள் 22, சனிக்கிழமை, பதவியேற்றுப் பதினைந்தே நாளான மு.க. ஸ்டாலின் அரசு, 24ஆம் தேதி முதல் தளர்வில்லாத முழு ஊரடங்கு என்றது. நோய் உச்சத்தில் நின்ற நேரம். அடைத்தது தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அடைப்பதற்கு முன்னால் இன்றும் நாளையும் இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளும் திறந்திருக்கும் என்றார்களே, அதுதான் விசேஷம். அதுவரை காலை 10 மணிக்கே காய்கறிக் கடையை இழுத்து மூடிய ஊரில், தொற்று மிக அதிகமாக இருந்த அந்த இரண்டு நாளும் ராத்திரி வரை திருவிழா. ஊருக்குப் போகிறவர்களுக்குச் சிறப்புப் பேருந்துகளும் விட்டார்கள். காலையில் சொன்ன தக்காளி விலை சாயங்காலம் இல்லை. "ஏன்யா இப்படி?" என்று கேட்டால், "நாளைக்கு இதுவும் இருக்காது, எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். முன்னவர்கள் ஒரு நாள் கொடுத்தார்கள், இவர்கள் ஒன்றரை நாள் கொடுத்தார்கள். அந்த அரை நாளைத்தான் விடியல் என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

24ஆம் தேதி தெருவுக்குள் காய்கறி வண்டி வந்தது. மே 31 முதல் மளிகையும் வண்டியில் வரும், கடைக்குப் போன் செய்தால் வீட்டுக்கே அனுப்புவார்கள் என்றார்கள். நல்ல ஏற்பாடு. மளிகை வண்டியையும் 22ஆம் தேதியே சொல்லியிருந்தால் அந்தத் திருவிழாவுக்குத் தேவையே இருந்திருக்காது. கதவு உடைந்த பிறகு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டு டிராலிக்காரரை மறக்கவில்லை. ரவையும் மைதாவும் நூறு நாளில் என்ன ஆகும் என்பது சமையலறைக்குத் தெரியும். அந்த 2020 ஆகஸ்டில் டப்பாவைத் திறந்தால் வண்டு. தூக்கி எறிய மனசு வராது, பாவம். திரும்பி வந்த வீட்டு வேலைக்காரம்மாவின் கையில் கொடுத்து, "சலிச்சுட்டுப் பண்ணிக்கோம்மா, நல்ல ரவைதான்" என்பார்கள். நாலு மாதம் சம்பளம் கொடுக்காத வீட்டின் தர்மம் அது. பேஸ்புக்கில் படமாக வந்தால் லைக்கும் விழும்.

கோட்டையில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெருந்தொற்று போகும், வெள்ளம் வரும், புயல் வரும், மறுபடி எதையாவது மூடுவீர்கள். அப்போது மளிகை, காய்கறி, பால் எல்லாவற்றையும் அந்தந்தத் துறையிடம் விடவேண்டாம். ஏழு வண்ணத்தில் டோக்கன் அச்சடித்தாரே, டாஸ்மாக்கின் அந்த அதிகாரி, அவரையே கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுங்கள். பந்தலையும் தடுப்புக் கட்டையையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.