இல்ல ஜிம் நிறுவனர்

குடும்பத்தார் அனைவரையும் ஆரோக்கியத்தில் கரை சேர்ப்பதாகச் சபதம் எடுத்து, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஓர் அறையைக் கைப்பற்றுபவர் இல்ல ஜிம் நிறுவனர். வயது நாற்பதுக்கு மேல். சென்னை, கோவை போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பரவலாகக் காணப்படுகிறார். புத்தாண்டை ஒட்டியும், மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடிவு வந்த வாரத்திலும் இவருடைய வேகம் அதிகம். டாக்டர் சொன்னது, "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்பது மட்டும்தான். அதற்குத் தெருவே போதும். நிறுவனர் காதில் அது டிரெட்மில் என்று விழும்.

இவர் படிக்காமல் எதிலும் கால் வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இவருக்கு மனப்பாடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியும் சேர்த்து. சோபாவில் சாய்ந்தபடி இவற்றை ஒப்பித்து, ஆளுக்கொரு கருவி தேவை என்று நிரூபிப்பார். மாடிப்படி ஏறுவதும் வீட்டு வேலை செய்வதும் அந்த நிமிடங்களில் சேரும் என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

அடுத்தது இடம். டிரெட்மில்லுக்குப் பின்னால் ஆறடியாவது காலியாக இருக்க வேண்டும். கால் தவறினால் பெல்ட் ஆளைப் பின்பக்கம் தள்ளிவிடும். அந்த ஆறடியில் பீரோ நிற்கும்.

"என்னங்க, பீரோவை எங்க வைக்கிறது?"

"ஹால்லதான்."

மோட்டார் பெரிதாக இருந்தால் 16 ஆம்பியர் பிளக் கேட்கும். அறையில் இருக்கும் ஒரே 16 ஆம்பியர் பிளக்கில் ஏ.சி. குடியிருக்கும். ஏ.சி. ஓடினால் ஆள் ஓட முடியாது. ஆள் ஓடினால் ஏ.சி. ஓடாது. எலக்ட்ரீஷியன் வந்துபோகும் வரை ஏ.சி.தான் ஓடும்.

கருவிப் பட்டியல் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே: டிரெட்மில், சிமென்ட் கலவை அடைத்த பி.வி.சி. தட்டுகளோடு 20 கிலோ டம்பெல் காம்போ, மடக்கும் பெஞ்ச், ரப்பர் மேட், நான்கு நிறத்தில் நான்கு யோகா மேட். டிரெட்மில்லின் பூர்வீகம் சிறைச்சாலை. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகளுக்காக அமைத்த மிதிசக்கரம் அது. கொடுமை என்று பிரிட்டன் அந்த நூற்றாண்டின் இறுதியில் அதைக் கைவிட்டது. நிறுவனர் அதைத் தவணையில் வாங்குகிறார். பரணில் தாத்தாவின் கர்லாக்கட்டை கிடக்கும். தாத்தாவின் தண்டாலும் பஸ்கியும் யாரிடமும் தவணை கேட்டதில்லை.

பிறகு அட்டவணை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்படும் அதில் அப்பாவுக்கு 5.30, அம்மாவுக்கு 6.00, பையனுக்கு 6.30, பாட்டிக்கு 7.00. ஆறு மணி என்பது குக்கர் விசிலடித்து டிபன் பாக்ஸ் நிறையும் நேரம். ஆறரைக்குப் பையன் டியூஷனில் இருப்பான். ஏழு மணிக்குப் பாட்டி பிள்ளையார் கோயிலைச் சுற்றிக்கொண்டிருப்பார். அட்டவணை போட்டவர் அலாரத்தை அணைத்துவிட்டு ஏழரைக்கு எழுந்து, "இந்த வீட்டில் யாருக்கும் ஒழுங்கே கிடையாது" என்பார்.

மூன்றாம் மாதத்தில் கருவிகள் குடும்பத்தோடு ஒன்றிவிடும். கைப்பிடிகளில் ஈர ஜீன்ஸ், திரைமேல் துண்டு, பெஞ்சில் இஸ்திரிக்குப் போக வேண்டிய மூட்டை. ஆடிக்காற்றில் பால்கனிக் கதவு அடிக்காமல் ஐந்து கிலோ டம்பெல் காவல் நிற்கும். வீட்டில் தவறாமல் எடை தூக்குபவர் வேலைக்கு வரும் அக்கா ஒருவர்தான். அடியில் பெருக்குவதற்காக ஒவ்வொரு டம்பெல்லையும் தூக்கி நகர்த்தி மறுபடி வைப்பார். ஆயுத பூஜையன்று டிரெட்மில்லுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம் எல்லாம் உண்டு. அந்த ஆண்டில் அதன்மேல் எலுமிச்சை வைத்த ஒரே நாளும் அதுதான். கால் வைத்த நாள் யாருக்கும் நினைவில் இருக்காது.

கடைசிக் கட்டம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. 'அதிகம் பயன்படுத்தாதது, பாதி விலை' என்று இவர் போடும் விளம்பரத்தில் முதல் இரண்டு சொற்களும் சத்தியம். வாங்க ஆள் கிடைப்பதில் சிரமம் இல்லை. மூன்றாம் மாடியில் ஒருவருக்கு அதே வாரம் செக்கப் முடிவு வந்திருக்கும்.

வீட்டில் ஜிம் வைக்க நினைப்பவர்கள் முதல் மூன்று மாதம் ஒரு பாய், ஒரு கர்லாக்கட்டை, தெருவில் அரை மணி நேர நடை என்று பழகிப் பார்க்கலாம். பழக்கம் நிலைத்தால் டிரெட்மில் வாங்குவதில் தவறில்லை. துணி காயப்போட மட்டும் தனியாகக் கொடி கட்டிக்கொள்ள வேண்டும்.