ஒரே கலயம், மூணு பட்டை

வாங்க நடுவரய்யா, வாங்க! திண்ணையத் துடைச்சிப் போடட்டா? ஏலே மருமவனே, பிரியாணிப் போட்டிக்கு மார்க்கு போடப் போறியாமே! சங்கரன்கோயில்ல பொறந்தவன் பிரியாணிக்கு மார்க்கு போடாம வேற எதுக்குப் போடுவான்? இருக்கட்டும். வெயில்ல வந்திருக்க, மொதல்ல பதனியக் குடி. ஓலைப் பட்டையில ஊத்தியே வச்சிருக்கேன்.

எப்டி? “சுண்ணாம்பு தூக்கல்”ங்கே. சரி, ரெண்டு காராச்சேவு மெல்லு. இப்ப ரெண்டாவது பட்டை. “அமிர்தம்”ங்கே. மூணாவது, உடன்குடியிலேருந்து வந்தது. “அதான பாத்தேன், அந்த மண்ணு வாசமே தனி”ங்கே. பலே! மூலையில பாருலே, கலயம் எத்தன இருக்கு? ஒண்ணு. மூணும் அதுலேருந்து கோரினதுதான்.

மொகம் சுருங்காத. உனக்கு அமெரிக்காவுலேயே சொந்தக்காரங்க இருக்காக. அங்க ராபர்ட் ஹாட்ஜ்சன்னு ஒரு கடல் ஆராய்ச்சி வாத்தியாரு, சொந்தமா ஒயினும் போட்டாரு. அந்த ஒயினு ஒரு போட்டியில தங்கம் வாங்கும், அடுத்ததுல வெறுங்கையோட திரும்பும். என்ன மாயம்னு பாக்க, கலிபோர்னியா பொருட்காட்சிப் போட்டியில 2005-லேருந்து 4 வருசம் ஒரு வேலை பண்ணாரு. சுமாரா 30 கிளாசுக்கு நடுவுல ஒரே பாட்டில் சரக்க மூணு வாட்டி வைக்கச் சொன்னாரு. பத்து நடுவருல ஒருத்தருதான் மூணுக்கும் ஒட்டி ஒட்டி மார்க்கு போட்டாரு. அவரும் அடுத்த வருசம் தடுமாறிட்டாரு!

பிரான்சு போர்தோ ஊர்ல இன்னொரு கூத்து. ப்ரோஷேன்னு ஒருத்தரு, ஒயின் படிக்கிற 54 பிள்ளைகளுக்கு வெள்ளை ஒயின்ல ருசியில்லாத செவப்புச் சாயத்தக் கலந்து குடுத்தாரு. 2001-ல வெளிவந்த கதை இது. பிள்ளைக செவப்பு ஒயினுக்கு உண்டான வார்த்தையா அள்ளி விட்டுச்சுக. குடிச்சது கண்ணு, கையெழுத்துப் போட்டது நாக்கு.

தீர்ப்புச் சொல்லுதது லேசு இல்லலே. நம்ம ஊர்க் கோயில் கதையில, சிவன் பெருசா, பெருமாள் பெருசான்னு சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராசாக்க சண்ட போட்டாக. நம்ம சாமி என்ன செஞ்சாரு? பாதி அவரு, பாதி இவருன்னு சங்கரநாராயணரா நின்னு பைசல் பண்ணிட்டாரு. நீ தங்கப் பதக்கத்தப் பாதியா வெட்டிக் குடுத்தா அகப்பையாலேயே அடிப்பாக.

அதனால மாமன் சொல்லுததக் கேளு. சட்டிக்கு நம்பர் போடச் சொல்லு, ஆக்குனவன் பேரு உன் காதுல விழக் கூடாது. பசிச்சவனுக்கு மொத சட்டி தங்கம், பத்தாவது சட்டி தகரம். ஆளாளுக்கு வரிசைய மாத்திக் குடுக்கச் சொல்லு. நடுவுல வெந்நீ குடி. பக்கத்து நடுவரு மொகத்தப் பாக்கதுக்கு முன்னாலயே மார்க்க எழுதிரு. முக்கியமா, ஒரே சட்டிய மூணு நம்பர்ல வைக்கச் சொல்லு. நீ போட்ட மூணு மார்க்கும் மூணு தெசையில ஓடுச்சுன்னா, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிட்டு வீட்டுக்கு வந்துரு.

நான் எப்டின்னு கேக்கியா? உங்க அத்த வைக்க குழம்புக்கு நாப்பது வருசமா நூத்துக்கு நூறு, ஒரு மார்க்கு கூடுனதில்ல, கொறஞ்சதில்ல. ஆனா மருமவனே, ஒரே மார்க்கு போடுதவனெல்லாம் ருசி தெரிஞ்சவன்னு நெனச்சிராத. பயந்தவனும் அப்டித்தான் போடுவான்.

சரி, பட்டையில மிச்சம் வைக்காம குடி. உடன்குடிப் பதனிலே அது!